மாநகராட்சி மானியத்தில் வீட்டுக் கேமரா: எத்தனை வாங்குவது என்பதற்கு முன், எங்கே மாட்டுவது?

கேள்வி: எங்கள் தெருவில் 42 வீடுகள். உள்ளே வர இரண்டு வழிகள், பின்புறம் ஒரு குறுகிய சந்து. கடந்த ஓராண்டில் இரண்டு வீடுகளில் பூட்டை உடைத்தார்கள். சில சைக்கிள்கள் காணாமல் போயின. நிறுத்தியிருந்த கார்களின் கண்ணாடியை உடைத்து உள்ளிருந்ததை எடுத்ததும் உண்டு. வீட்டுக்கு வெளியே கேமரா பொருத்துவோருக்கு மாநகராட்சி இப்போது மானியம் தருகிறது. கேமராவைப் போலீஸிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. குடியிருப்போர் சங்கத்தில் பலர் உடனே வாங்கிவிடலாம் என்கிறார்கள். சிலரோ, "எதிர்வீட்டுக் கேமரா என் வாசலை ஏன் பார்க்க வேண்டும்?" என்று எதிர்க்கிறார்கள். திருட்டு உண்மையில் குறையுமா? எந்த வகை கேமரா வாங்குவது? போலீஸுக்கு எந்த அளவுக்குத் திறந்துவிடலாம்? (சங்கச் செயலாளர் ஒருவர்)

பதில்: மானியத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். 42 கேமராக்கள் 42 வாசற்படிகளைப் பதிவு செய்யும். சந்து வழியாக வந்து சந்து வழியாகவே போனவரின் முகம் அவற்றில் ஒன்றில்கூட இருக்காது. உங்கள் தெருவுக்குள் வர மூன்றே வழிகள்தான். அந்த மூன்று முனைகளிலும் இரண்டிரண்டாக ஆறு கேமராக்கள் ஒழுங்காக வேலை செய்தால், வீட்டுக்கு வீடு தொங்கும் 42ஐ விட அவை அதிகம் உதவும்.

மானியம் வீட்டு முகவரிக்குத்தானே வருகிறது, தெருமுனைக்கு எப்படி என்று கேட்பீர்கள். முனைவீட்டுக்காரர்கள் பெயரில் விண்ணப்பியுங்கள். பல திட்டங்கள் ஒரே முகவரிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கேமராவை அனுமதிக்கின்றன. 2016இல் வாஷிங்டன் நகரம் தொடங்கிய திட்டத்தில் ஒரு கேமராவுக்கு 200 டாலர் வரை, ஒரு வீட்டுக்கு மொத்தம் 500 டாலர் வரை திருப்பித் தந்தார்கள். அப்படி ஓர் உச்சவரம்பு உங்கள் ஊரிலும் இருந்தால் முனைவீடு ஒவ்வொன்றும் இரண்டு கேமரா எடுக்கலாம். மின்சாரம், இணையம், ஹார்டு டிஸ்க், பராமரிப்பு ஆகியவற்றை மற்ற வீடுகள் பகிர்ந்துகொள்ளட்டும்.

குறையுமா?

கொஞ்சம் குறையும். எல்லா வகைக் குற்றமும் குறையாது. பிராண்டன் வெல்ஷ், டேவிட் ஃபாரிங்டன் உள்ளிட்ட குற்றவியலாளர்கள் நாற்பது ஆண்டு சிசிடிவி ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்திருந்தது. வாகன நிறுத்துமிடங்களில் பலன் மிகத் தெளிவாக இருந்தது, குடியிருப்புப் பகுதிகளிலும் இருந்தது. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. திரைக்கு முன்னால் ஆள் உட்கார்ந்து கவனித்த இடங்களிலும், விளக்கு போன்ற வேறு ஏற்பாடுகள் கூடவே இருந்த இடங்களிலும் பலன் அதிகம். அவை பெரும்பாலும் பொது இடத்தில் அரசோ நகராட்சியோ நடத்திய கேமராக்கள். வீட்டுச் சுவரில் தன்பாட்டுக்குப் பதிவாகிக்கொண்டிருக்கும் கேமராவுக்கு அதே 13ஐ அப்படியே எதிர்பார்க்காதீர்கள்.

விற்பவர்கள் காட்டும் எண்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2015இல் லாஸ் ஏஞ்சலஸின் ஒரு பகுதியில் வீடுகளுக்கு டோர்பெல் கேமரா (அழைப்புமணியோடு சேர்ந்த கேமரா) கொடுத்துப் பார்த்ததில் வீடு புகுந்த திருட்டு 55 சதவீதம் குறைந்ததாகப் பெரிதாக விளம்பரமானது. எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் 2018இல் போலீஸ் பதிவுகளோடு ஒப்பிட்டபோது அந்தக் கணக்கு நிற்கவில்லை. சிறிய எண்களின் சிக்கல் இது. உங்கள் தெருவையே பாருங்கள்: சென்ற ஆண்டு பூட்டு உடைப்பு இரண்டு. இந்த ஆண்டு ஒன்று நடந்தால் "50 சதவீதம் குறைவு" என்று யாரும் போஸ்டர் அடிக்கலாம். கேமராவே இல்லாமலும் அது நடந்திருக்கும்.

வெளிச்சத்துக்கான சான்று இதைவிட வலுவானது. 2016இல் நியூயார்க்கின் அரசுக் குடியிருப்பு வளாகங்களில், எந்த வளாகத்துக்குக் கூடுதல் விளக்குக் கோபுரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து சோதித்தார்கள். விளக்கு வந்த வளாகங்களில் இரவில் வெளியிடங்களில் நடந்த கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. உங்கள் மாநகராட்சித் திட்டத்தில் அசைவை உணர்ந்து எரியும் வெளிவிளக்குக்கும் மானியம் உண்டா என்று முதலில் கேளுங்கள். சிகாகோ நகரம் 2022இல் தொடங்கிய திட்டத்தில் கேமராவோடு விளக்கும் சேர்ந்தே இருந்தது. இல்லையென்றால் சங்கப் பணத்தில் முதல் செலவு அந்தச் சந்துக்கு விளக்கு. இருட்டுச் சந்தில் நல்ல கேமராவும் கறுப்புத் துணியைத்தான் காட்டும்.

இன்னொன்றை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. ஒரு முறை திருடு போன வீட்டுக்கு, அடுத்த சில வாரங்களில் மறுபடி திருடு போகும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம். திருடனுக்கு உள்ளமைப்பு தெரிந்துவிட்டது, போன பொருளுக்குப் பதில் புதிது வாங்கி வைத்திருப்பார்கள் என்பதும் தெரியும். இங்கிலாந்தில் ராச்டேலுக்கு அருகே கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1986இல் தொடங்கிய திட்டம் இதைத்தான் கையில் எடுத்தது. திருடுபோன வீடுகளைக் குறிவைத்துப் பலப்படுத்தினார்கள், அவற்றைச் சுற்றிய அண்டை வீட்டாரைக் கண்காணிக்கச் செய்தார்கள், வீடுகளுக்குள் இருந்த, காசு போட்டு இயக்கும் மின்சார, எரிவாயு மீட்டர்களை அகற்றினார்கள். திருட்டு பெருமளவு குறைந்தது. ஆகவே பேட்டரியில் இயங்கும் கேமரா இரண்டைச் சங்கத்தின் பொதுச்சொத்தாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் திருட்டு நடந்தாலும் அன்றே அங்கே மாட்டி, ஆறு வாரம் விட்டு, பிறகு எடுத்துவிடலாம். வீட்டுக்காரருக்கு அந்த நாட்களில் கொஞ்சம் தூக்கமும் வரும்.

எந்தப் படம் வேண்டும்?

கடைக்காரர் மெகாபிக்சலைச் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது, ஆள் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழும் என்பது. ஈஎன் 62676-4 என்ற ஐரோப்பியத் தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு இதைப் படிகளாகப் பிரித்தது. ஆள் வந்திருக்கிறார் என்று கண்டறிய மீட்டருக்கு 25 பிக்சல். உடையையும் நடையையும் கவனிக்க ஏறத்தாழ 62. ஏற்கெனவே தெரிந்தவரை இவர்தான் என்று சொல்ல 125. முன்பின் தெரியாத ஒருவரை ஐயமில்லாமல் அடையாளம் காண 250. போலீஸுக்குப் பயன்படுவது கடைசி எண்.

இப்போது கணக்கு எளிது. 4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2,560 பிக்சல் அகலம். அதை 250ஆல் வகுத்தால் 10.2 மீட்டர். அதாவது படத்தில் தெரியும் காட்சியின் அகலம் 10 மீட்டரைத் தாண்டும் தூரத்தில், அந்நியரின் முகத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. வீட்டுக் கேமராக்களில் வழக்கமாக வரும் 2.8 மி.மீ. லென்ஸ் சுமார் 100 பாகை அகலத்தைப் பார்க்கும். அதில் இந்த எல்லை கேமராவிலிருந்து வெறும் 4 மீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடும். 4 மி.மீ. லென்ஸில் சுமார் 6 மீட்டர், 6 மி.மீ. லென்ஸில் 11 மீட்டர், 12 மி.மீ. லென்ஸில் 23 மீட்டர். தெரு முழுவதும் திரையில் பளிச்சென்று தெரிகிறது, ஆளைப் பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடைகிறது என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இந்த 2.8 மி.மீ. லென்ஸ்தான். கேமரா கெட்டுப்போகவில்லை, தவறான லென்ஸ்.

உங்கள் சந்தின் வாய் 6 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 6 மீட்டர் மட்டும் படத்தை நிறைக்கும்படி லென்ஸைக் குறுக்கினால் மீட்டருக்கு 427 பிக்சல் கிடைக்கும், தாராளம். எனவே முனைகளுக்கு 2.8 முதல் 12 மி.மீ. வரை மாற்றக்கூடிய வேரிஃபோகல் லென்ஸ் உள்ள கேமரா வாங்குங்கள். ஒவ்வொரு முனையிலும் ஒரு கேமரா குறுகலாக முகத்துக்கு, இன்னொன்று அகலமாக, என்ன நடந்தது, எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரிய. ஒரே கேமராவில் இரண்டையும் பார்க்க ஆசைப்படுவதுதான் பெரும்பாலான வீட்டு அமைப்புகள் சறுக்கும் இடம்.

உயரத்தையும் சரியாகப் பிடிக்க வேண்டும். யாரும் எட்டிப் பிடுங்கக்கூடாது என்று மாடியில் மாட்டுவார்கள். 6 மீட்டர் உயரத்திலிருந்து 5 மீட்டர் தள்ளி நடப்பவரைப் பார்த்தால் பார்வை 40 பாகைக்கு மேல் சரிகிறது. தொப்பியும் உச்சந்தலையும்தான் படத்தில். 3 மீட்டர் உயரத்தில் மாட்டினால் அதே தூரத்தில் சரிவு 15 பாகை அளவுதான், முகம் விழும். 2.5 முதல் 3 மீட்டர் வரை போதும். கம்பியைச் சுவருக்குள்ளோ இரும்புக் குழாயிலோ கொண்டுபோனால் பிடுங்குவதும் சிரமம். காலைச் சூரியனையோ மாலைச் சூரியனையோ நேராகப் பார்க்கும் திசையில் முகக் கேமராவைத் திருப்பாதீர்கள். வேறு வழியில்லையென்றால் 120 டெசிபல் டபிள்யூடிஆர் வசதி (கடும் வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்தில் சமன்செய்வது) உள்ளதை எடுங்கள்.

வண்டி நம்பர் பிளேட் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கேமரா. இரவில் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/500 வினாடி அல்லது அதைவிட வேகமாக வைத்தால்தான் பிளேட் படிக்க வரும். அந்த வேகத்தில் பிளேட்டைத் தவிர மற்றதெல்லாம் இருட்டு. முகத்துக்கான கேமராவிலோ, அகச்சிவப்பு ஒளி பிளேட்டில் பட்டுத் திரும்பி வெள்ளையாக எரிந்துபோகும். வண்டி வரும் திசைக்கும் கேமராவுக்கும் இடையிலான கோணம் 30 பாகையைத் தாண்டக்கூடாது.

பகலில் எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான்

கடையில் பகல் படத்தைக் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இரவு 2 மணிக்கு ஆள் நடந்துபோகும் வீடியோ. அசையாத சுவர் தெளிவாகத் தெரிவதில் எந்தப் பயனும் இல்லை.

வெளிச்சம் குறைந்தால் கேமரா தானாகவே ஷட்டரை மெதுவாக்கும், படம் பிரகாசமாகும். அதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. சாதாரணமாக நடப்பவர் வினாடிக்கு 1.4 மீட்டர் போகிறார். ஷட்டர் 1/12 வினாடி திறந்திருந்தால் அதற்குள் 11.7 செ.மீ. நகர்ந்துவிடுவார். மீட்டருக்கு 250 பிக்சல் என்ற தரத்தில் அது 29 பிக்சல் இழுவல். 16 செ.மீ. அகலமுள்ள ஒரு முகம் முழுவதுமே 40 பிக்சல்தான்! திரையில் பிரகாசமான தெருவில் ஒரு புகைமூட்டம் நடந்துபோகும். ஷட்டரைக் கையால் 1/60க்குப் பூட்டினால் இழுவல் 6 பிக்சலாகக் குறையும், படம் இருண்டுவிடும். அந்த இருட்டை ஈடுகட்டத்தான் விளக்கு. குறைந்தபட்சம் 1/30, விளக்கு இருந்தால் 1/60. இந்த அமைப்பை மாற்ற இடமே தராத கேமராவை முகத்துக்கு வாங்காதீர்கள்.

சென்சாரின் அளவும் இங்கேதான் வேலை செய்கிறது. 1/2.8 அங்குல சென்சாரில் 8 மெகாபிக்சலைத் திணித்த கேமராவைவிட, 1/1.8 அங்குல சென்சாரில் 4 மெகாபிக்சல் உள்ளது இரவில் நல்ல முகம் தரும். மெகாபிக்சல் அதிகம் என்றால் ஒவ்வொரு பிக்சலுக்கும் விழும் ஒளி குறைவு.

அகச்சிவப்பு விளக்குகளில் 850 நானோமீட்டர் வகை கொஞ்சம் சிவப்பாக மினுங்கும், தூரம் போகும். 940 வகை கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறைவு. இரண்டிலும் ஒரே தொல்லை சிலந்தி. லென்ஸுக்கு முன்னால் ஒரு நூல் இருந்தால் போதும், அகச்சிவப்பு அதில் பட்டு இரவு முழுவதும் வெள்ளைக் கோடு ஆடும், அசைவு எச்சரிக்கை நூறு முறை அடிக்கும். மூன்றாம் நாள் எல்லோரும் எச்சரிக்கையை அணைத்துவிடுவார்கள். கேமராவின் சொந்த அகச்சிவப்பை அணைத்துவிட்டு, ஒரு மீட்டர் தள்ளித் தனி விளக்கு பொருத்தினால் இது பெரும்பாலும் தீரும். பக்கத்துச் சுவரோ கூரை விளிம்போ படத்தின் ஓரத்தில் இருந்தாலும் இதே கதைதான். ஒளி திரும்பி வந்து மற்றதை இருட்டடிக்கும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் இரவில் தன் விளக்கையே படம் பிடிக்கும்.

பேட்டரி வைஃபை கேமராவை நிரந்தர முனைகளுக்கு எடுக்காதீர்கள். அது தூங்கிக்கொண்டிருந்து, உடல் வெப்பத்தின் அசைவை உணர்ந்து விழித்துப் பதிவு செய்கிறது. விழிப்பதற்குள் ஆள் பாதி தூரம் போயிருப்பார், முதுகுதான் கிடைக்கும். அந்த உணரி குறுக்கே போகும் ஆளை நன்றாக அறியும், நேராகக் கேமராவை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் அறியும். சுற்றுப்புற வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் நேரத்தில் இன்னும் தடுமாறும். கடுங்குளிரிலும் சிக்கல். லித்தியம் பேட்டரி பூஜ்ஜியம் பாகைக்குக் கீழே மின்னேற்றம் ஏற்காது, சோலார் தகடு இருந்தும் பயன் இல்லை. திருடுபோன வீட்டுக்குத் தற்காலிகமாக மாட்ட மட்டும் அது பரவாயில்லை.

கம்பியும் டிஸ்க்கும்

மின்சாரமும் படமும் ஒரே கம்பியில் போகும் பிஓஇ முறையே சரி. 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், கேமராவுக்குப் போய்ச் சேருவது 12.95. இந்த வகைக் கேமராவுக்குப் போதும். கம்பி நீளம் 100 மீட்டருக்குள். கேட்-6 என்ற நெட்வொர்க் கம்பியை வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவுக் கம்பியில் மின்தடை அதிகம். அதன் அறிகுறி வேடிக்கையானது: பகல் முழுவதும் கேமரா ஒழுங்காக ஓடும், இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் மின்னழுத்தம் போதாமல் அணைந்து அணைந்து எழும். கேமராவை மாற்றிப் பயனில்லை, கம்பியை மாற்ற வேண்டும்.

வெளியே தொங்கும் இணைப்பில் தண்ணீர் ஏறுவது அடுத்தது. கேமராவோடு ஒரு சிறு நீர்க்காப்பு மூடி வரும். பொருத்துபவர்களில் பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். அதைப் போட்டு, இணைப்பைத் தூசியும் நீரும் புகாத ஐபி66 தரப் பெட்டிக்குள் வைத்து, கம்பி பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடச் சொல்லுங்கள். மழைநீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும்.

ஒவ்வொரு முனைவீட்டிலும் ஒரு பதிவுக் கருவி, அதாவது என்விஆர், இருக்கட்டும். மூன்றையும் ஒரே இடத்துக்கு இழுக்காதீர்கள். தெருவைக் கடந்து கம்பி போட அனுமதி வேண்டும், தூரமும் இடிக்கும். 4 மெகாபிக்சல் கேமரா, எச்.265 என்ற வீடியோ சுருக்க முறை, வினாடிக்கு 15 படம், 4 மெகாபிட் வேகம் என்றால் ஒரு நாளுக்கு 43.2 ஜிபி. இரண்டு கேமராவுக்கு 30 நாளில் 2.6 டெராபைட். 4 டெராபைட் டிஸ்க் போடுங்கள், கண்காணிப்புக்கென்றே தயாரித்த வகை. கணினி டிஸ்க் இரவும் பகலும் எழுதித் தாங்காது. மிச்சமிருக்கும் இடம் வீண் இல்லை. இரவுப் படத்தில் பொடிப்புள்ளிகள் அதிகமாகி, கருவி அதற்கேற்ப வேகத்தைக் கூட்டிப் பதிவு செய்தால் கணக்கைவிடச் சீக்கிரம் நிறையும். 30 நாள் ஏன் என்றால், வெளியூர் போன வீட்டில் நடந்த திருட்டு திரும்பி வந்த பிறகுதான் தெரியும். ஏழு நாளில் அழிந்தால் அப்போது படம் இருக்காது. அதற்கு மேலும் நீட்டாதீர்கள். பழைய படம் குவிவது அண்டைவீட்டாரின் எதிர்ப்பை நியாயமாக்கும்.

பதிவுக் கருவி, இரண்டு கேமரா, ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 35 வாட் அளவுதான். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சிறு யுபிஎஸ் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கும். ரவுட்டரையும் அதிலேயே சேர்க்க மறக்காதீர்கள். பதிவுக் கருவி பூட்டிய அலமாரியில், காற்றோட்டத்தோடு. டிவிக்குக் கீழே வைத்தால் திருடன் அதையும் எடுத்துக்கொண்டு போவான்.

கடவுச்சொல் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, அந்த அக்டோபரில் பல பெரிய இணையதளங்களை மணிக்கணக்கில் முடக்கியது. அதில் சிக்கியவை எல்லாம் சாதாரண வீட்டுப் பொருட்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள், ரவுட்டரில் யுபிஎன்பியை (கருவிகள் தாமாகவே இணையத்துக்கு வழி திறந்துகொள்ளும் வசதி) அணையுங்கள், வெளியிலிருந்து பார்க்கப் போர்ட் திறக்காதீர்கள். விபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட தனி இணைப்போ, இரட்டைச் சரிபார்ப்பு உள்ள செயலியோ போதும். கேமராக்களை வீட்டுக் கணினிகள் இல்லாத தனி நெட்வொர்க்கில் வையுங்கள். சங்கப் பொறுப்பாளர் மாறும் நாளில் கடவுச்சொல்லும் மாற வேண்டும்.

எதிர்வீட்டார் கேட்பது நியாயமான கேள்வி

இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளாதீர்கள். வீட்டுக் கேமரா பொதுத்தெருவையும் பதிவு செய்தால் அது முழுக்கச் சொந்த வீட்டு விஷயம் ஆகாது, தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு நீதிமன்றம் ஒன்று, அண்டைவீட்டாரின் பேச்சு வரை எட்டிய டோர்பெல் கேமரா அமைப்பு வரம்பு மீறியது என்றது. அங்கே படத்தைவிட ஒலிப்பதிவுதான் பெரிய மீறலாகக் கருதப்பட்டது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில், அந்தரங்கமான உரையாடலைப் பதிவு செய்யப் பேசுபவர் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் எதுவானாலும் முதல் வேலை, ஆறு கேமராவிலும் மைக்கை அணைப்பது. திருட்டைக் கண்டுபிடிக்க ஒலி அநேகமாக உதவுவதில்லை.

அடுத்து மறைப்பு. படத்தில் எதிர்வீட்டு ஜன்னலும் வாசலும் வரும் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி எல்லா நல்ல கேமராவிலும் உண்டு. அதைக் கேமராவின் அமைப்பிலேயே செய்யுங்கள். பார்க்கும் செயலியில் மட்டும் மறைத்தால் பதிவில் எல்லாம் இருக்கும். மறைத்த பிறகு ஒரு படத்தை அச்சிட்டு அந்த வீட்டாரிடம் கையில் கொடுங்கள், எதிர்ப்பில் பாதி அங்கேயே அடங்கும். சுழலும் கேமராவைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம். அது இப்போது எங்கே பார்க்கிறது என்று யாருக்கும் தெரியாது, நடந்தபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கும். தெருவின் மூன்று வாயிலிலும் பதிவு நடக்கிறது என்ற பலகையும், யாரைத் தொடர்புகொள்வது என்ற விவரமும் இருக்கட்டும்.

படத்தை எடுக்க அனுமதி இரண்டு பேருக்கு மட்டும். ஒவ்வொரு முறையும் தேதி, யார் எடுத்தது, எதற்கு என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் "இவரைத் தெரியுமா?" என்று முகப்படம் போடுவதை விதியாகவே தடை செய்யுங்கள். இரவில் நடந்துபோன மீட்டர் ரீடரும் வேலை முடிந்து திரும்பும் நர்ஸும் சந்தேக நபராகிவிடுவார்கள். பரவிய படத்தைத் திரும்ப வாங்க முடியாது.

போலீஸ் விஷயத்தில் மூன்று படிகளைத் தனித்தனியாகப் பாருங்கள். பதிவேடு: எந்த முகவரியில் எத்தனை கேமரா, எந்தப் பக்கம் பார்க்கிறது, தொடர்பு எண். இதைக் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம், வாஷிங்டன் திட்டமும் இதைத்தான் கேட்டது. இரண்டாவது, சம்பவம் நடந்தபின் படம் கேட்பது. வழக்கு எண், தேதி, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்று எழுத்தில் கேட்டால் அந்தத் துண்டை மட்டும் கொடுங்கள். மூன்றாவது, நேரலையை நிலையத்துக்கே இணைப்பது. இதற்குச் சம்மதிக்காதீர்கள். உங்கள் தெருவின் நேரலையை இரவு முழுவதும் பார்க்க யாரையும் உட்கார வைக்கப்போவதில்லை. ஆகவே ஆய்வுகள் சொன்ன நேரலைக் கண்காணிப்பின் பலன் உங்களுக்கு வராது, 42 வீடுகளின் போக்குவரத்து மட்டும் வெளியே போகும். சில ஊர்களின் விண்ணப்பத்தில் இந்த மூன்றும் ஒரே கையெழுத்தில் அடங்கியிருக்கும். பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

படம் கொடுக்கும்போது திரையைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அது இரண்டு முறை சுருங்கி, நீங்கள் கணக்குப் போட்டு வாங்கிய 250 பிக்சலும் காணாமல் போகும். பதிவுக் கருவியிலிருந்து மூலக் கோப்பையே அதன் பிளேயரோடு பென்டிரைவில் எடுத்து, அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷ் எண்ணை (கோப்பு பிறகு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) குறித்துக்கொடுங்கள். கருவியின் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை வினாடி விலகியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கடிகாரத்தை இணைய நேரத்தோடு ஒத்திசைத்து வைத்தால் இந்தத் தலைவலி குறையும். மூன்று முனைகளிலும் மூன்று நேரம் காட்டினால், ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்பார். எடுத்த துண்டைக் கருவியில் பூட்டியும் வையுங்கள், இல்லையென்றால் 30ஆம் நாள் அதன் மேலேயே புதியது எழுதப்படும்.

மாதம் ஒரு முறை பதினைந்து நிமிடச் சோதனை கட்டாயம். நேரலை தெரிகிறதா என்று பார்ப்பது சோதனை இல்லை. டிஸ்க் செத்துப்போய் மாதக்கணக்கில் எதுவும் பதிவாகாதபோதும் நேரலை அழகாக ஓடிக்கொண்டிருக்கும், திருட்டு நடந்த அன்றுதான் தெரியவரும். நேற்றிரவு 2 மணிப் படத்தை ஒவ்வொரு கேமராவிலும் திறந்து பாருங்கள், ஒரு நிமிடத் துண்டை வெளியே எடுத்துப் பாருங்கள், நேரத்தைச் சரிபாருங்கள், லென்ஸைத் துடையுங்கள். பொருத்திய முதல் வாரத்தில் ஒரு முறை, இரவில் ஒருவரைத் தொப்பி போட்டு மூன்று முனையிலும் சாதாரணமாக நடக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தை அவரை அறியாத ஒருவரிடம் காட்டி, ஆறு பேரின் புகைப்படங்களிலிருந்து அவரை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க முடியாத முனையில் லென்ஸையோ விளக்கையோ மாற்றும்வரை பொருத்தியவருக்குக் கடைசித் தவணையைத் தராதீர்கள்.

கையெழுத்துக்கு முன்

மானியம் பெரும்பாலும் முன்பணமாக வராது. வாங்கிப் பொருத்தி, ரசீதோடு விண்ணப்பித்தபின் திருப்பித் தருவார்கள். அந்த இடைக்காலத்தில் முனைவீட்டுக்காரர் கையைக் கடிக்காமல் சங்கம் கடன் கொடுக்கட்டும். வசதி குறைந்த வீடுகளுக்கு முன்கூட்டியே மானியச் சீட்டுத் தரும் ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள். பொருத்தும் கூலியும் கம்பியும் டிஸ்க்கும் மானியத்தில் சேருமா, கேமராவின் விலை மட்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். கிளவுட் சந்தா முதல் ஆண்டு மட்டும் தருவார்களா? இரண்டாம் ஆண்டிலிருந்து யார் கட்டுவது? சந்தா நின்றால் பதிவு பார்க்க முடியாத கேமரா வேண்டாம். அனுமதித்த மாடல் பட்டியல் இருந்தால், அதில் ஷட்டரைக் கையால் மாற்றக்கூடிய வேரிஃபோகல் மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள். முனைவீட்டில் இருப்பவர் வாடகைதாரர் என்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் தேவைப்படும். குறைந்தது எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், வீட்டை விற்றாலோ காலி செய்தாலோ பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்க எந்த அலுவலகத்தில் எழுதிக்கொடுப்பது ஆகிய மூன்றுக்கும் பதில் விண்ணப்பத்தில் இல்லையென்றால், மாநகராட்சிக்குக் கடிதம் எழுதி, பதில் வந்தபின் கையெழுத்திடுங்கள்.